மட்டை மரமா, உலோகமா?

காஞ்சிபுரத்துத் தெருக்களில் பட்டுப் பாவு நூல்களை இழுத்துக் கட்டியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். விரலால் அழுத்தினால் பாவு சற்று உள்வாங்கும். விரலை எடுத்ததும் துள்ளித் திரும்பும். நாம் கொடுத்த ஆற்றலை அது திருப்பித் தருகிறது.

பேஸ்பால் ஆட்டத்தின் உள்ளீடற்ற அலுமினிய மட்டையும் இப்படித்தான். கெட்டியான மர மட்டையில் மோதும் பந்து மிகவும் நசுங்கி, தன் ஆற்றலில் பெரும்பகுதியை வெப்பமாக இழக்கிறது. உலோக மட்டையிலோ மெல்லிய சுவரும் வளைந்து கொடுக்கிறது. பந்து குறைவாகவே நசுங்குகிறது. சுவர் மீளும்போது பந்து கூடுதல் வேகம் பெறுகிறது.

இதில் ஆபத்து என்ன? பந்து வீசியவர் சுமார் 17 மீட்டர் தொலைவில் நிற்கிறார். பந்து வினாடிக்கு 40 மீட்டர் வேகத்தில் திரும்பினால் அவருக்குக் கிடைப்பது 0.43 வினாடி, 45 மீட்டரானால் 0.38 வினாடியே. கண் கண்டு கை அசையத் தொடங்கவே சுமார் 0.2 வினாடி போய்விடும்! அமெரிக்கக் கல்லூரி ஆட்டங்களில் 2011 முதல், உலோக மட்டையின் துள்ளல் ஏறத்தாழ மர மட்டையின் அளவுக்குள் கட்டுப்படுத்தப்பட்டது. மரத்திலும் குறையுண்டு; முறிந்தால் சில்லுகள் பறக்கும்.

கிரிக்கெட்டில் 1979இல் ஆஸ்திரேலியாவின் டென்னிஸ் லில்லி அலுமினிய மட்டையுடன் இறங்கினார். பந்து சேதமாகிறது என்று இங்கிலாந்து அணித் தலைவர் எதிர்த்தார். மட்டையின் அடிக்கும் பகுதி மரமாகவே இருக்க வேண்டும் என்று 1980 விதிகள் கூறின. ஆனால் மர மட்டையின் அடியும் எளிதன்று. 1998இல் டாக்காவில், மட்டைக்கு மிக அருகே தலைக்கவசமின்றி நின்ற இந்திய வீரர் ராமன் லாம்பா பந்து தாக்கி உயிரிழந்தார்.

நீங்களே கணக்கிடுங்கள்: மட்டையிலிருந்து 3 மீட்டர் தள்ளி நிற்பவரை, வினாடிக்கு 30 மீட்டர் வேகத்தில் வரும் பந்து எவ்வளவு நேரத்தில் எட்டும்? விடை கிடைத்தால் தலைக்கவசத்தின் தேவையும் விளங்கும்.