ஒன்பது கட்டத் தகடு கூடுமா?

உத்திரமேரூரைச் சுற்றியுள்ள கிராமங்களில் நம்மவர் வீடுகள் சிலவற்றில் நிலைவாசலுக்கு மேலே ஒரு செப்புத் தகடு இருக்கும். அதில் ஒன்பது கட்டம். கட்டத்துக்கு ஓர் எண். அதையே காகிதத்தில் எழுதித் தாயத்தாக்கிக் குழந்தையின் கழுத்திலும், பிரசவ வலி கண்ட பெண்ணின் இடுப்பிலும் கட்டுவோரும் உண்டு. இது மார்க்கத்தில் கூடுமா என்று கேட்கிறார்கள். விடை சொல்லுமுன் அந்தக் கட்டம் இன்னதென்று பார்ப்போம்.

மேல் வரிசையில் 4, 9, 2. நடுவில் 3, 5, 7. கீழே 8, 1, 6. நெடுக்கே, குறுக்கே, மூலைக்கு மூலை, எப்படிக் கூட்டினாலும் 15. பார்ப்பவர் வியப்பது இயற்கையே. ஆனால் 1 முதல் 9 வரை கூட்டினால் 45. மூன்று வரிசைக்குப் பங்கிட்டால் 15 தானே? நடுக்கட்டத்தின் வழியாக நான்கு வரிகள் செல்கின்றன. நான்கின் கூட்டு 60. அதில் மற்ற எண்கள் ஒருமுறை வர, நடு எண் மட்டும் நான்கு முறை வருகிறது. 60இல் 45 போக மிஞ்சும் 15, நடு எண்ணின் மும்மடங்கு. ஆக அங்கே 5 தவிர வேறு எண்ணுக்கு இடமில்லை. இரட்டை எண்கள் நான்கும் மூலைக்குப் போய்த்தான் தீரவேண்டும். திருப்பியும் கவிழ்த்தும் எட்டு விதமாக எழுதலாம், கட்டம் ஒன்றே.

எனவேதான் சீனர் கண்டதும் இதே கட்டமாக இருக்கிறது. லோ ஆற்றிலிருந்து வந்த ஆமையின் முதுகில் யூ மன்னர் இதைப் புள்ளிகளாகக் கண்டார் என்பது அவர்கள் கதை. அரபு எழுத்துக்களுக்கு எண் மதிப்புத் தரும் அப்ஜத் கணக்கில்தான் பிஸ்மில்லாஹ்வுக்கு 786 வருகிறது. அதே கணக்கில் மூலை எண்களான 2, 4, 6, 8ஐ எழுத்தாக்கினால் 'புதூஹ்' என்றாகும். கடிதம் பத்திரமாகப் போய்ச் சேர உறைமேல் 8642 என்றெழுதும் வழக்கம் அரபு நாடுகளில் இருந்தது. போகப் போக, புதூஹ் என்பது ஒரு ஜின்னின் பெயர் என்றே நம்பி அதை அழைத்தவர்களும் தோன்றினார்கள். கூட்டல் கணக்கின் விளைவு ஜின்னாகிவிட்டது!

சீனாவில் யுவான் அரசர் காலத்து (1271–1368) அரண்மனை ஒன்றின் இடிபாட்டில், ஷியான் நகரில், ஓர் இரும்புத் தகடு கிடைத்தது. அரபு எண்களில் ஆறுக்கு ஆறு கட்டம். எந்த வரியும் 111. தீங்கு அணுகாதிருக்கப் புதைத்தது. அரண்மனை மண்ணாயிற்று, தகடு மிஞ்சியது.

“இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களே இதை எழுதியிருக்கிறார்களே” என்று சிலர் வாதிடுவார்கள். உண்மைதான். 1111இல் மறைந்த இமாமவர்கள் 'அல்முன்கித்' என்னும் நூலில், பிரசவம் தடைப்பட்ட பெண்ணுக்காகத் தண்ணீர் படாத இரு துணிகளில் இந்தக் கட்டத்தை எழுதும் வழக்கத்தைக் குறிப்பிடுகிறார்கள். ஆனால் எதற்காக? அறிவுக்கு எட்டாத இத்தகைய தன்மையை ஒப்புக்கொள்ளும் தத்துவவாதி, தொழுகையின் ரக்அத் எண்ணிக்கையில் தன் அறிவுக்கு எட்டாத தன்மை இருக்கலாம் என்பதை ஏன் மறுக்கிறான் என்று மடக்குவதற்காக. பிரசவ வைத்தியம் சொல்லித்தர அந்த நூல் எழுதப்படவில்லை.

குர்ஆன் ஆயத்தை எழுதிக் கட்டுவதிலேயே ஸஹாபாக்களிடையே இரு கருத்து இருந்தது. அப்துல்லாஹ் இப்னு அம்ரு (ரலி) சிறுபிள்ளைகளுக்குக் கட்டியதாக அறிவிப்பு உண்டு. இப்னு மஸ்ஊத் (ரலி) கடுமையாக வெறுத்தார்கள். ஆயத்துக்கே இந்த நிலை என்றால், பொருள் விளங்காத எண்ணையும் பெயரையும் கட்டி, அது காக்கும் என்று நம்புவது ஷிர்க்கின் வாசலுக்கே கொண்டுபோகும். குல் அஊது சூராக்கள் இரண்டையும் ஓதி ஊதுவது நபிவழி. மருந்து செய்யச் சொன்னதும் நாயகம் (ஸல்) அவர்களே.

நம்மை அச்சுறுத்துவது தகட்டை விடத் தாமதம். வலி கண்டவுடன் தாயத்து எழுதுபவரைத் தேடி ஒருவர் ஓட, மற்றவர்கள் அவருக்காகக் காத்திருந்தால், அந்த நேரம் தாய்க்கும் சேய்க்கும் உரியது. முதலில் 108க்குச் சொல்லிப் பெண்ணை ஆஸ்பத்திரிக்கு ஏற்றுங்கள். துஆவை வழியெல்லாம் ஓதலாம்.

வாசலில் இருக்கும் தகட்டைக் கழற்றப் பயமா? பிள்ளைகளை அழைத்து, 2 முதல் 10 வரையுள்ள எண்களால் அதேபோல் கட்டம் போடச் சொல்லுங்கள். நடுவில் 6 வரும், கூட்டு 18. அரைமணி நேரத்தில் போட்டுவிடுவார்கள்.