ஓராண்டா, ஈராண்டா, கடையா? கம்ப்யூட்டர் டெக்னீஷியன் ஆக ஓர் ஆரணிக் கணக்கு

பத்தாம் வகுப்பு முடிவு வந்ததும் ஆரணியின் பட்டு நெசவு வீடுகளில் எழும் பேச்சு ஒன்று உண்டு: "தறியில உட்கார வேண்டாம், கம்ப்யூட்டர் படிக்கட்டும்." அந்த ஒரு சொல்லுக்குள் மூன்று தொழில்கள் இருக்கின்றன. கம்ப்யூட்டரை இயக்குவது ஒன்று. அதற்கு நிரல் எழுதுவது இன்னொன்று. கெட்டுப்போனதைப் பிரித்துச் சரிசெய்வது மூன்றாவது. மூன்றாவதுதான் வேண்டும் என்று முடிவு செய்த ஆரணிப் பிள்ளையின் முன்னால் நான்கு வழிகள் நிற்கின்றன: ஐ.டி.ஐ.யில் ஓராண்டுக் கோபா (கம்ப்யூட்டர் ஆபரேட்டர் அண்ட் புரோகிராமிங் அசிஸ்டென்ட்), அதே ஐ.டி.ஐ.யில் ஈராண்டு ஐ.சி.டி.எஸ்.எம். (தகவல் தொடர்புத் தொழில்நுட்ப அமைப்புப் பராமரிப்பு) அல்லது எலக்ட்ரானிக் மெக்கானிக், பாலிடெக்னிக்கில் மூன்றாண்டுக் கம்ப்யூட்டர் டிப்ளமோ, அல்லது நேரே ஒரு சர்வீஸ் கடை. சொந்த ஊரிலேயே காலூன்ற நினைப்பவர் ஈராண்டு வழியையே எடுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

பலர் தவறிப்போவது கோபாவில்தான். கம்ப்யூட்டர் என்ற சொல் பெயரிலேயே இருப்பதாலும் ஒரே வருடத்தில் முடிந்துவிடுவதாலும் எல்லோரும் அதில் போய் விழுகிறார்கள். அது நல்ல படிப்புதான். தட்டச்சு, ஆபீஸ் மென்பொருள், இணையம், கணக்கு மென்பொருள், நிரலாக்கத்தின் அரிச்சுவடி எல்லாம் அதில் உண்டு. அலுவலகத்தில் உட்கார்ந்து வேலை பார்க்க அது போதும். ஆனால் சால்டரிங் பிடிக்கவும், மல்டிமீட்டரால் மின்னழுத்தம் பார்க்கவும், கம்ப்யூட்டருக்கு மின்சாரம் தரும் எஸ்.எம்.பி.எஸ்.ஸைத் திறந்து அது எங்கே நின்றுபோயிற்று என்று தேடவும் கைப்பழக்கம் தருவது ஈராண்டுப் படிப்புதான். இன்னொரு வித்தியாசம் சேரும்போது யார் கண்ணிலும் படுவதில்லை. பத்தாம் வகுப்புக்குப் பின் ஈராண்டு ஐ.டி.ஐ. முடித்தவர் பாலிடெக்னிக்கின் இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரலாம். பத்தோடு நிறுத்திவிட்டு ஓராண்டுப் படிப்பு மட்டும் முடித்தவருக்கு அந்தக் கதவு திறக்காது. மிச்சப்படுத்திய ஒரு வருடம் பின்னால் இப்படித்தான் விலை கேட்கிறது.

ஆரணிக்கு இது ஏன் கூடுதலாகப் பொருந்துகிறது என்பதைத் தறியின் மேல் ஏறிப் பார்த்தால் புரியும். தறி மேல் உட்கார்ந்து டிசைனை எழுப்பும் பெட்டிதான் ஜக்கார்டு. பழைய ஜக்கார்டில் ஒவ்வோர் ஊடைக்கும் ஓர் அட்டை. அட்டையில் துளை இருந்தால் கொக்கி மேலே போகும், இல்லாவிட்டால் நிற்கும். 1804-இல் பிரான்சில் ஜக்கார் அமைத்த இந்தத் துளை அட்டை முறையைப் போன்ற ஒன்றைத்தான் 1890-இல் ஹோலரித் அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்குக் கொண்டுபோனார். கம்ப்யூட்டரின் முன்னோர்களில் தறியும் ஒன்று. இப்போது எலக்ட்ரானிக் ஜக்கார்டு ஏறிய தறிகளில் அட்டைக் கட்டுக்குப் பதில் பென்டிரைவ், ஒவ்வொரு கொக்கிக்கும் ஒரு சிறு மின்காந்தக் காயில். அதில் ஒன்று செத்துவிட்டால் அந்தக் கொக்கியில் கட்டிய பாவு இழைகள் எழும்பாது. டிசைனில் அதே இடம் தவறிக்கொண்டே போய்ச் சேலையின் நீளத்துக்கும் ஒரு கோடு விழும். கோளாறு இழையிலா, கொக்கியிலா, காயிலிலா, கேபிளிலா, டிசைன் ஃபைலிலா? மீட்டர் பழகியவர் அந்தக் காயிலின் ஓம் அளவைப் பக்கத்துக் காயிலோடு ஒப்பிட்டுச் சில நிமிடத்தில் சொல்லிவிடுவார். பழகாதவர் பெட்டியையே மாற்றச் சொல்வார். அவர் சொல்லும் செலவும், தறி நிற்கும் நாள்களும் நெசவாளி தலையில்தான் விழும்.

தறியே குறைந்து வருகிறதே, அதை நம்பிப் படிப்பதா என்று கேட்பது நியாயமான கேள்வி. தறியை மட்டும் நம்பச் சொல்லவில்லை. பட்டுக் கடைகளின் பில்லிங் மெஷின், பார்கோடு பிரின்டர், சிசிடிவி, யூ.பி.எஸ்., பள்ளிகளின் கணினி அறை, இ-சேவை மையங்கள் எல்லாவற்றுக்கும் உள்ளே இருப்பது அதே மின்னணுவியல். எதையும் இப்போது யார் ரிப்பேர் செய்கிறார்கள், புதிதாக வாங்கிவிடுகிறார்களே என்பது அடுத்த கேள்வி. பெருநகரத்து அலுவலகத்துக்கு அது பொருந்தலாம், ஆரணியின் சிறு கடைக்குப் பொருந்தாது. 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 11-க்குத் தகுதியில்லாத பழைய மெஷின்கள் ஏராளம். சிறு கடைக்காரர் அவற்றைத் தூக்கி எறிய மாட்டார். ஹார்டு டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்.எஸ்.டி. போட்டு, தேவைக்கேற்ப லினக்ஸ் ஏற்றிக் கொடுத்தால் இன்னும் சில வருடம் ஓடும் என்று சொல்பவரைத்தான் தேடுவார்.

கடைதான் சிறந்த பள்ளி என்பவர்களுக்கும் பதில் சொல்ல வேண்டும். வாடிக்கையாளரிடம் பேசுவதும், வேகமும், உதிரிபாக விலையும் கடையில்தான் வரும். எந்த ஐ.டி.ஐ. பட்டறையும் அவற்றைக் கற்றுத் தராது. ஆனால் அவசரம் நிறைந்த கடையில் "மாத்திப் போடு" என்பதே பாடமாகிவிடும். ஏன் கெட்டது என்று யோசிக்க அங்கே நேரம் கிடைக்காது. சான்றிதழும் இல்லாததால் அரசு வேலை அறிவிப்பு வரும்போது வெளியே நிற்க வேண்டியிருக்கும். ஆகவே ஐ.டி.ஐ. முதலில், கடை அதற்குப் பின். டிப்ளமோவில் ஹார்டுவேர் ஒரு பகுதிதான், நிரலாக்கமே பெரும்பகுதி, மேலே பி.இ. போகும் எண்ணமிருந்தால் அதை எடுக்கலாம். பணம் தடையென்றால், அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் படித்து ஐ.டி.ஐ.யிலோ டிப்ளமோவிலோ சேரும் பெண்களுக்குப் புதுமைப்பெண், ஆண்களுக்குத் தமிழ்ப்புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கிறது. சர்வீஸ் வேலை ஆண்பிள்ளை வேலை என்று ஒதுக்குவதற்கும் காரணமில்லை. நுண்ணிய இழையை முடிந்து பழகிய விரல்களுக்குச் சால்டரிங் அந்நியமல்ல.

விண்ணப்பம் போடும் முன் அந்த நிலையத்தின் பட்டறைக்குள் ஒருமுறை போய்ப் பாருங்கள். சால்டரிங் அயர்ன்களின் முனை கறுத்துத் தேய்ந்திருக்கிறதா, மீட்டர்களின் ஒயர் இன்னும் பிளாஸ்டிக் உறைக்குள்ளேயே இருக்கிறதா, பிரித்துப் போட்ட பழைய போர்டுகள் மேசையில் கிடக்கின்றனவா என்று கவனியுங்கள். இரண்டாமாண்டு மாணவர் ஒருவரைப் பிடித்து, கடைசியாக எதைச் சரிசெய்தாய், கோளாறு எங்கே இருந்தது என்று கேளுங்கள்.