சூடேறும் படகு மோட்டார்: நோயும் மருந்தும்

முன்னுரை

பாயையும் துடுப்பையும் நம்பிக் கடலோடிய காலத்தில், பாய் கிழிந்தால் தைத்துக்கொண்டனர். துடுப்பு ஒடிந்தால் மாற்றுத் துடுப்பு வலித்தனர். இன்றோ ஃபைபர் படகின் பின்புறப் பலகையில் மாட்டப்படும் அவுட்போர்டு மோட்டாரே மீனவரைக் கொண்டு செல்கிறது. கரை சேர்ப்பதும் அதுவே. நார்வேயில் பிறந்து அமெரிக்காவில் வாழ்ந்த ஓலே எவின்ரூட் என்பார் 1909ஆம் ஆண்டில் உருவாக்கிய மோட்டாருக்குப் பின்னரே இக்கருவி உலகெங்கும் பரவலாயிற்று. 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலைக்குப் பின் தமிழகக் கரையில் ஃபைபர் படகுகள் பெருகின. கரை கண்ணுக்கு மறைந்த இடத்தில் மோட்டார் சூடேறி இறுகிவிட்டால், படகு காற்றும் நீரோட்டமும் இழுத்த வழியே போகும். மோட்டாரின் விலை மட்டுமன்று, அதில் இருப்போர் உயிரும் இதில் அடங்கியுள்ளது. ஆதலின் சூடேறுதலின் காரணங்களையும் தீர்வுகளையும் முறைப்படுத்திக் கூறுவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

குளிர்விக்கும் முறை

மோட்டார் காருக்கு ரேடியேட்டர் உண்டு. பெரும்பாலான படகு மோட்டார்களுக்கு அந்த வேலையைக் கடல்நீரே செய்கிறது. மோட்டாரின் அடிப்பகுதியில், நீருக்குள் அமிழ்ந்திருக்கும் சல்லடை வாய் வழியே நீர் நுழைகிறது. இம்பெல்லர் எனப்படும் ரப்பர்ச் சக்கரம் அதனை மேலே தள்ளுகிறது. அந்நீர் சிலிண்டரைச் சூழ்ந்து வெப்பத்தை வாங்கிக்கொண்டு வெளியேறுகிறது. அதில் ஒரு சிறு பகுதி மோட்டாரின் பக்கத்துத் துளை வழியே தாரையாகப் பீய்ச்சும். மருத்துவர்க்கு நாடி எவ்வாறோ, படகோட்டிக்கு இத்தாரை அவ்வாறு.

நோய் நாடும் நெறி

நோய் இன்னதென்று அறிந்து, அதன் காரணம் தேடி, தணிக்கும் வழி கண்டு, பொருந்தச் செய்க என்பது திருக்குறளின் ‘மருந்து’ அதிகாரம் உணர்த்தும் நெறி. சூடு என்பது நோயின் அறிகுறி. காரணம் வேறிடத்தில் இருக்கும். நீர் செல்லும் பாதையைப் பின்பற்றிச் சென்றால் காரணத்தை அடையலாம்.

1. தாரை வரவில்லையெனில்: மோட்டாரை நிறுத்தியபின், முதலில் துளையை மெல்லிய கம்பியால் குத்திப் பார்க்க வேண்டும், உப்போ மணலோ அடைத்திருக்கக்கூடும். அடுத்து மோட்டாரைச் சாய்த்துத் தூக்கிச் சல்லடை வாயைக் காண வேண்டும். ஆழம் குறைந்த பாக் நீரிணைப் பகுதியில் கடற்புல்லும், எங்கும் மிதக்கும் பிளாஸ்டிக் பைகளும் அவ்வாயை மூடிவிடுவதுண்டு. மோட்டார் மிக உயரமாக மாட்டப்பட்டிருப்பின் நீருக்கு மாறாகக் காற்றையே இழுக்கும்.

இவையெல்லாம் சரியெனில் இம்பெல்லரையே ஐயுற வேண்டும். தண்ணீரே அதற்கு வழுவழுப்புத் தருவது. கரையில் நீரின்றி மோட்டாரை ஓட்டிப் பார்ப்பது, சில நொடிகளே ஆயினும், அதன் இதழ்களைக் கருக்கிவிடும். இதழ் உடைந்திருந்தால் புதியது மாட்டினால் மட்டும் போதாது. உடைந்த துண்டுகளைத் தேடி எடுத்தல் வேண்டும். இல்லையேல் அவை மேலே சென்று நீர்வழியை அடைக்கும்.

2. தாரை வந்தும் சூடேறினால்: பலர் ஏமாறும் இடம் இதுவே. தாரை வருவது பம்ப் இயங்குகிறது என்பதற்கே சான்று. எல்லா வழியும் திறந்திருக்கிறது என்பதற்குச் சான்றன்று. தெர்மோஸ்டாட் மூடியபடி சிக்கியிருக்கலாம். பல படகு மோட்டார்களில் இது ஏறத்தாழ 50 முதல் 60 டிகிரி செல்சியசில் திறப்பது. அதனைக் கழற்றி, வெந்நீரில் வெப்பமானியோடு இட்டுத் திறக்கிறதா எனச் சோதிக்கலாம். அதுவும் நன்றெனில் உட்பாதைகளில் உப்புப் படிந்திருக்கக்கூடும். கடல்நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு உண்டு என்பது நினைவிற்குரியது.

3. நீர்வழி முழுதும் சரியாயிருப்பின்: டூ ஸ்ட்ரோக் மோட்டாரில் எரிபொருளோடு கலக்கும் எண்ணெய் குறைந்ததா, விசிறியில் வலையோ கயிறோ சுற்றியதா, சுமை மிகுந்ததா என்பவற்றைக் காண வேண்டும்.

கடலில் செய்யத்தக்கன

எச்சரிக்கை ஒலி கேட்டவுடன் வேகத்தைக் குறைக்க வேண்டும். தாரை இல்லையெனில் உடனே நிறுத்த வேண்டும். ‘கரை வரை ஓட்டிவிடலாம்’ என்னும் துணிவே மோட்டாரை இறுகச் செய்வது. சூடான எந்திரத்தின் மீது கடல்நீரை ஊற்றலாகாது. திடீர்க் குளிர்ச்சியால் உலோகம் விரிசலடையக்கூடும். விசிறியருகே கை வைக்குமுன் மோட்டார் நின்றுள்ளதை உறுதி செய்தல் இன்றியமையாதது. தானே ஆறிய பின்னரே மீண்டும் இயக்குதல் வேண்டும்.

வருமுன் காத்தல் இதனினும் எளிது. ஒவ்வொரு முறை கரை சேர்ந்ததும் நன்னீரில் மோட்டாரைச் சில நிமிடம் ஓட்டி உப்பைக் கழுவுதலும், கையேடு கூறும் காலத்தில் இம்பெல்லரை மாற்றுதலும் போதும். மாற்று இம்பெல்லர் ஒன்றையும் அதற்குரிய கருவிகளையும் படகில் வைத்திருத்தல் நன்று.

முடிவுரை

துளை, சல்லடை, இம்பெல்லர், தெர்மோஸ்டாட், உப்பு என்னும் வரிசையில் நாடினால் சூடேறுதலின் காரணம் பெரும்பாலும் புலப்படும். இவ்வரிசை மனத்தில் உள்ளவர் நடுக்கடலில் பதறார். கையேடு தமக்கு விளங்கும் மொழியில் இல்லாதபோது மீனவர் கேள்வியறிவையே நம்ப நேர்கிறது. கடற்கரை ஊர்களிலிருந்து கற்க வரும் நம் மாணவர்கள் இத்தகைய செய்திகளை எளிய தமிழில் ஒரு தாளளவில் எழுதித் தத்தம் ஊர்ப் படகுத்துறையில் ஒட்டிவைப்பின், கற்ற தமிழ் ஓர் உயிரைக் கரை சேர்க்கவும் கூடும். அறிவியல் தமிழ் வளர்வதற்கு அதுவும் ஒரு நல்வழியாகும்.