வடுவும் வலிமையும்

பாலாறு ஓடும் நிலப்பரப்பில் அமைந்த இராணிப்பேட்டை, வேலூர், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி ஆகிய ஊர்கள் தோல் தொழிலாற் பெயர் பெற்றவை. அங்குள்ள தோல் பதனிடும் நிலையங்களுக்குச் சென்றால் ஓர் உண்மையைக் காணலாம். ஆடு மேய்ந்த காலத்தில் முள் கிழித்த கீறலும், உண்ணி கடித்த புள்ளியும், சூடு போட்ட தழும்பும் அதன் தோலில் தங்கிவிடுகின்றன. சுண்ணாம்பு நீரில் ஊறினும், மயிர் நீங்கினும், சாயம் ஏறினும் அவ்வடு எளிதில் மறைவதில்லை. தரம் பிரிப்போர் தோலை வெளிச்சத்தில் விரித்து, விரலால் தடவி அதனைக் கண்டுகொள்வர்.

மனித உள்ளமும் இத்தகையதே. இளமையிற் பட்ட துன்பம் முதுமை வரையிற் சுவடு விட்டுச் செல்லும். வறுமை ஒன்றே வந்துற்றால் குடும்பத்தார் கூடி நின்று அதனைத் தாங்குவர். தந்தை இன்றிரவு வீடு திரும்புவாரோ, அடுத்த திங்கள் எவ்வூரில் குடியிருப்போமோ என்னும் ஐயமும் அவ்வறுமையோடு சேருமாயின், சிறு நெஞ்சம் என் செய்யும்?

ஆம்பூரை அடுத்த பள்ளியொன்றில் யான் தமிழாசிரியனாய் இருந்த காலத்தில், எட்டாம் வகுப்பிற் சிறுவன் ஒருவன் வந்து சேர்ந்தான். நான்கு ஆண்டுகளில் அது அவனுக்கு மூன்றாவது பள்ளி. அவன் தந்தை, வேலை செய்த இடத்தில் முன்பணம் பெற்றுக்கொண்டு ஊரை விட்டு அகன்றவர். தாய் பீடி சுற்றிப் பிழைத்து வந்தார். ஒருநாள் நண்பகலில் அச்சிறுவன் சத்துணவுச் சோற்றிற் பாதியைத் தட்டோடு மறைத்து வெளியே கொண்டு செல்வதைக் கண்டேன். காரணம் யாதென வினவாமலே, வகுப்பார் முன்னிலையில் அவனைத் திருடன் என்று கடிந்துரைத்தேன். அவன் தலைகுனிந்து நின்றான்; ஒன்றும் கூறவில்லை.

பல்லாண்டுகள் கழிந்தன. ஆம்பூர்ப் பேருந்து நிலையத்தில் ஒருவர் என் அருகே வந்து வணங்கினார். அவர் அந்த மாணவரே. காலணித் தொழிற்சாலை ஒன்றில் மேற்பார்வையாளராய் இருப்பதாகக் கூறினார். நெடுநேரம் உரையாடிய பின், தயங்கித் தயங்கிச் சொன்னார்:

“ஐயா, சொந்த வீடு கட்டிவிட்டேன். ஆயினும் வீட்டில் இரண்டு மூட்டை அரிசி இல்லையென்றால் எனக்கு உறக்கம் வருவதில்லை. துணிப்பெட்டியை முழுவதும் பிரித்து அடுக்க இன்றும் மனம் துணிவதில்லை. மேலதிகாரியின் குரல் சற்று உயர்ந்தால் கை நடுங்குகிறது. அன்று நான் கொண்டு சென்ற சோறு என் தங்கைக்கு ஐயா. அவள் அப்போது பள்ளியிற் சேரும் வயதை எட்டவில்லை. தாங்கள் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.”

யான் விடையின்றி நின்றேன். அவரே தொடர்ந்து, “சமையற்கூடத்து ஆயா மட்டும் கேட்டார். மறுநாள் முதல் என் தட்டில் ஓர் அகப்பை சோறு கூடுதலாக விழுந்தது. அதனாலேதான் பள்ளியை விட்டு நிற்காமல் வந்துகொண்டிருந்தேன்” என்றார்.

தம் இளமைத் துயரை அவர் அத்துணை ஆண்டுகள் வெளியிடாது வைத்திருந்ததில் வியப்பில்லை. உலகப் புகழ் பெற்றோரும் அவ்வாறே மறைத்துள்ளனர். ஆங்கில நாவலாசிரியர் சார்லசு டிக்கன்சு 12 வயதுச் சிறுவராய் இருந்தபோது, 1824-இல், அவருடைய தந்தை கடனுக்காகச் சிறை புகுந்தார். சிறுவர் இலண்டனில் காலணி மெருகு செய்யும் தொழிற்சாலை ஒன்றிற் புட்டிகளுக்குச் சீட்டு ஒட்டும் வேலைக்கு அனுப்பப்பட்டார். பின்னாளிற் பெரும் செல்வமும் புகழும் எய்தியும், அக்காலத்தைப் பற்றித் தம் மக்களிடமும் அவர் கூறினாரல்லர். நெருங்கிய நண்பர் ஒருவரிடம் மட்டும் சொல்லி வைத்தார். 1870-இல் அவர் மறைந்த பின்னரே உலகம் அதனை அறிந்தது.

இத்தகைய வடு வாழ்வையே கெடுத்துவிடுமோ? இவ்வினாவிற்கு விடை காண அறிஞர் பலர் முயன்றுள்ளனர். பசிபிக் பெருங்கடலில் உள்ள ஹவாயித் தீவுகளுள் கவாய் என்பது ஒன்று. அங்கு 1955-ஆம் ஆண்டிற் பிறந்த 698 குழந்தைகளின் வாழ்க்கையை, எம்மி வெர்னர் என்னும் அம்மையாரும் அவருடன் பணியாற்றியோரும் நடுவயது வரை தொடர்ந்து ஆராய்ந்தனர். வறுமையும் குடும்பக் குலைவும் ஒருங்கே சூழ வளர்ந்தோருள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் திறமையும் அன்பும் உடையோராய் உயர்ந்தனர். இளமையிற் தடுமாறிய ஏனையோருள்ளும் பலர், முப்பது வயதைக் கடந்தபின் நன்னிலை எய்தினர். இவ்வாறு உயர்ந்தோர்க்குத் துணை நின்றவை பல. அவற்றுள் சிறந்தது, பாட்டியோ, மூத்தோரோ, ஆசிரியரோ, மாறாத அன்புடைய ஒருவர் உடனிருந்தமையாகும்.

நம் நாட்டிலும் இதற்குச் சான்று உண்டு. 1903-ஆம் ஆண்டு சூலை 15-ஆம் நாள் விருதுபட்டியிற் பிறந்தவர் காமராசர். அவர் சிறுவராய் இருந்தபோதே தந்தை குமாரசாமி மறைந்தார். தாய் சிவகாமி அம்மையார் தம் நகைகளை விற்று, அப்பணத்தை வணிகர் ஒருவரிடம் வட்டிக்கு வைத்துக் குடும்பம் நடத்தினார். சிறுவரின் படிப்பு இடையில் நின்றது. தாய்மாமன் துணிக்கடையில் வேலைக்கு அமர்ந்தார். எனினும் அவரை அரவணைக்கத் தாயும் பாட்டி பார்வதி அம்மையாரும் இருந்தனர். பின்னர்ப் பொதுவாழ்வில் வழிகாட்டச் சத்தியமூர்த்தி வாய்த்தார்.

காமராசர் வாழ்வில் இவ்வட்டாரத்திற்கும் இடம் உண்டு. நாட்டு விடுதலைக்காக வேலூர்ச் சிறையில் இருந்தவர் அவர். 1954-இல் முதலமைச்சர் பொறுப்பேற்றபின், குடியாத்தம் இடைத்தேர்தலில் வென்றே சட்டமன்றம் புகுந்தார். தாம் பள்ளியை இழந்த அவர், ஊர்தோறும் பள்ளி வேண்டும் என்றார். பசித்த வயிற்றிற் பாடம் நில்லாது என்பதை உணர்ந்து, 1956-இல் ஏழைச் சிறுவர்க்கு மதிய உணவு அளிக்கும் திட்டத்தைத் தொடங்கினார். ஊரார் அளித்த பொருளும் அரசின் உதவியும் அதனை வளர்த்தன. அது 1982-இற் சத்துணவுத் திட்டமாய் விரிந்தது. 2022-இற் காலை உணவுத் திட்டமும் தோன்றியது. ஒருவர் இளமையிற் கொண்ட வடு, பிறர் பசியை அறியும் கண்ணாக மாறியது. அச்சோற்றிலிருந்தே ஆயா அள்ளிய அந்த அகப்பையும் வந்தது.

மாணவர்களே! பதனிடும் தொழிலாளர், மேற்புறத்தில் வடுப்பட்ட தோலை வீசி எறிவதில்லை. அதன் உட்புறத்தைத் தேய்த்து மென்மையாக்கிப் பயன்கொள்வதும் உண்டு. உங்களுள் இத்துன்பத்தை உடையோர் இருப்பின், அது உங்கள் குற்றமன்று; நம்பத்தக்க ஒருவரிடம் சொல்லுங்கள். வடு இருந்தவாறே நல்வாழ்வு வாழ்தல் இயலும். உங்கள் பக்கத்தில் அமர்ந்திருப்பவன் தாமதமாக வந்தாலும், உணவை மறைத்தாலும், பேசாதிருந்தாலும் உடனே பழி கூறாதீர்கள். காரணம் கேளுங்கள். முப்பத்தைந்து ஆண்டுகள் கற்பித்த யான் அன்று கேட்கத் தவறிய கேள்வி அது ஒன்றே.