ஊதினால் கரையும் கிளிஞ்சல்

திண்டிவனத்திலிருந்து மரக்காணம் போனவர்கள் யாரும் கிளிஞ்சல் பொறுக்காமல் வந்திருக்க மாட்டீர்கள். எங்கள் ஆயா வெற்றிலைக்குத் தடவுவது கிளிஞ்சல் சுட்ட சுண்ணாம்புதான்.

அதில் துளி எடுத்து நிறைய தண்ணீரில் கலக்கி, தெளிந்த நீரில் ஸ்ட்ரா வைத்து ஊதினேன். (உறிஞ்சிடாதீங்க, வாய் வெந்துடும்!) பால் மாதிரி வெளுத்தது. இது பாடத்தில் உள்ளதுதான். நான் விடாமல் ஊதினேன். வாய் வலித்ததுதான் மிச்சம் என்று நினைத்தபோது வெளுப்பு மறையத் தொடங்கியது! முதலில் உண்டானது கால்சியம் கார்பனேட், அதாவது கிளிஞ்சல் ஓட்டின் பொருள். மூச்சிலுள்ள கார்பன் டை ஆக்சைடு அதிகமானதும் அதையே கரைத்துவிடுகிறது.

கடலிலும் இதே கதைதான். நாம் வெளிவிடும் கார்பன் டை ஆக்சைடில் ஏறத்தாழ கால் பங்கைக் கடல் இழுத்துக்கொள்கிறது. தொழிற்புரட்சிக்கு முன் சுமார் 8.2 ஆக இருந்த பி.எச். இப்போது சுமார் 8.1. "0.1 தானே சார்?" என்றேன். சார் கணக்குப் போட்டுக் காட்டினார்: ஹைட்ரஜன் அயனி கால் பங்குக்கு மேல் கூடிவிட்டது! கடல் இன்னும் காரம்தான். ஆனால் சிப்பிக்கு ஓடு கட்டும் வேலை கடினமாகிறது.

'கடல் பட்டாம்பூச்சி' என்று ஒரு குட்டி நத்தை உண்டு. அமெரிக்கக் கடல் ஆய்வாளர் விக்டோரியா ஃபேப்ரி, 2100-இல் தென்கடல் எப்படி இருக்குமோ அப்படிப்பட்ட நீரில் அதை விட்டுப் பார்த்தார். உயிரோடு இருக்கும்போதே இரண்டு நாளில் ஓடு கரைய ஆரம்பித்தது. இது 2005-இல் வெளியானது.

ஆயாவிடம் சொன்னேன். "அப்போ அந்தப் புழு பூச்சிக்கு வூடே இருக்காதாடா?" என்றது.