லொத்தர் சீட்டும் மாதச் சீட்டும்

"நாலு மாசமா சுவீப் டிக்கட் எடுக்கிறேன், ஒண்ணும் விழல. அப்ப இனி விழத்தானே வேணும்?" சம்பள நாளில் டவுனுக்குப் போய் வருகிறவர்களிடம் நாம் அடிக்கடி கேட்கும் பேச்சு இது. இந்தக் கணக்கு சரிதானா என்று இம்முறை பார்ப்போம். காசு விஷயம் என்பதால் கொஞ்சம் பொறுமையாக வாசியுங்கள்.

முதலில் நமக்கு நன்றாகத் தெரிந்த மாதச் சீட்டை எடுத்துக்கொள்வோம். லயத்தில் 12 பேர் சேர்ந்து சீட்டுப் போடுகிறார்கள். பேர்களைத் துண்டில் எழுதிச் சுருட்டி, டப்பாவில் போட்டுக் குலுக்கி, மாதம் ஒன்றை எடுக்கிறார்கள். முதல் மாதம் உங்கள் பேர் வரும் வாய்ப்பு 12 இல் 1. எடுத்த துண்டை மறுபடி போடுவதில்லை. ஆகவே அடுத்த மாதம் 11 இல் 1, அதற்கடுத்த மாதம் 10 இல் 1 என்று உங்கள் வாய்ப்பு கூடிக்கொண்டே வரும். கடைசி மாதம் டப்பாவில் இருப்பது உங்கள் பேர் மட்டுந்தான். இங்கே "இவ்வளவு நாள் விழல, இனி விழும்" என்பது முழுக்கச் சரி.

லொத்தர் சீட்டு அப்படியில்லை. ஒவ்வொரு சீட்டிழுப்பிலும் எல்லா இலக்கங்களும் திரும்ப டப்பாவுக்குள் போய்விடுகின்றன. நீங்கள் நாலு மாதம் காசு கட்டிய கதை அந்த இலக்கங்களுக்குத் தெரியாது. பேர் ஒன்றாக இருப்பதால்தானோ என்னவோ, இரண்டு சீட்டையும் நாம் ஒரே மாதிரி நினைத்துவிடுகிறோம்.

ஓர் ஆங்கில எழுத்தும் ஆறு இலக்கமும் அப்படியே பொருந்த வேண்டிய சீட்டு என்று வைத்துக்கொள்வோம். ஆறு இலக்கம் 10 இலட்சம் விதமாக அமையலாம். எழுத்து 26. பெருக்கிப் பாருங்கள்: 2 கோடி 60 இலட்சம். அதில் பெரிய பரிசு ஒன்றுக்குத்தான். இத்தனை சீட்டையும் நாளுக்கு ஒன்றாக வாங்கினால் முடிய 71,000 வருஷத்துக்கு மேல் செல்லும். சீட்டு 40 ரூபா என்றால், நாளுக்கொன்று எடுக்கிறவர் வருஷத்துக்குக் கொடுப்பது 14,600 ரூபா. பரிசு விழுந்தவருடைய படம் பேப்பரில் வருகிறதே என்பீர்கள். விழாதவர்கள் படத்தைப் போடத் தொடங்கினால் பேப்பர் கொள்ளுமா?

இந்தத் தடுமாற்றம் நமக்கு மட்டும் உள்ளதல்ல. மொனாக்கோ நாட்டு மொண்டி கார்லோ சூதாட்ட மண்டபத்தில், 1913 ஆகஸ்ட் 18 ஆம் திகதி, சுழலும் தட்டில் குண்டு தொடர்ந்து 26 முறை கருப்பிலேயே விழுந்தது. "இனிச் சிவப்புத்தான்" என்று கட்டினவர்கள் பெருந்தொகையை இழந்தார்கள்.

ஒரு ரூபாக் குற்றியைச் சுண்டிப் பார்த்தாலும் இது விளங்கும். ஐந்து முறையும் தலை விழுவது 32 இல் 1 தான், அபூர்வம். ஆனால் நாலு தலை ஏற்கனவே விழுந்தாயிற்று என்றால், ஐந்தாவது தலையாக இருக்கும் வாய்ப்பு சரிபாதி. விழுந்து முடிந்ததை மறுபடி கணக்கில் சேர்க்கக் கூடாது.

காசை விடப் பெரிய விஷயத்திலும் இந்தப் பிழை நடக்கிறது. "மூணும் பொம்பளப் புள்ள, நாலாவது கட்டாயம் ஆம்புளப் புள்ளதான்" என்று மாமியாரும் சொல்வார், பக்கத்து காம்பராவும் சொல்லும். உலகத்தில் 100 பெண் குழந்தைக்குச் சுமார் 105 ஆண் குழந்தை பிறக்கிறது. அதாவது ஒவ்வொரு பிரசவத்திலும் ஏறக்குறையப் பாதிக்குப் பாதி. முன்னே பிறந்த மூன்று பிள்ளைகளால் நாலாவதற்கு வாய்ப்பு கூடுவதில்லை. பிள்ளை ஆணா பெண்ணா என்பது தகப்பனிடமிருந்து வரும் விந்தணுவைப் பொறுத்தது. தாயைக் குறை சொல்ல இடமே இல்லை. நாலாவது வேண்டுமா என்று யோசிக்கும் வீட்டில், அதுவும் பெண்ணாக இருக்கப் பாதி வாய்ப்பு என்று வைத்துக்கொண்டே புருஷனும் பெண்சாதியும் பேசட்டும். தாயின் உடம்பு தாங்குமா என்பதைத் தோட்டத்து மருத்துவ மாதுவிடம் இருவருமாகப் போய்க் கேட்கலாம்.