சவர்க்காரப் பெட்டிக்குள் வந்தவள்

கொக்குவில்

அன்புள்ள பெறாமகளுக்கு,

நீ அனுப்பிய படத்தைப் பார்த்தேன். சவர்க்காரப் பெட்டிக்குள் பழஞ்சேலை விரித்து, அதன்மேல் மண்ணிறத்தில் ஓர் உருண்டை. வேலணை வங்களாவடிச் சந்தியில் கடைப்படிக்குக் கீழே முனகிக்கொண்டு கிடந்ததைத் தூக்கி வந்தாயாம். பெட்டைக்குட்டி என்றபடியால் கொப்பா அதை ஏறெடுத்தும் பார்க்கிறாரில்லையாம். கொப்பாவின் கதைக்குப் பிறகு வருகிறேன். முதலில் இதற்குப் பதில் சொல்லு: தூக்கும்போது அது உன்னைக் கடித்ததா? பல்லோ நகமோ பட்டுக் கீறியதா? கையில் இருந்த காயம் எதையும் நக்கியதா? ஒன்றாவது நடந்திருந்தால் கடிதத்தை மடித்து வைத்துவிட்டு இன்றைக்கே ஊர்காவற்றுறை ஆதார வைத்தியசாலைக்கோ யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்கோ போ. நேற்றிரவு கொம்மாவிடம் தொலைபேசியிலும் இதைத்தான் சொன்னேன்.

"குட்டிதானே, பால்பல்லுத்தானே" என்று சொல்லி விட்டுவிடுவது எங்கள் சனத்தின் வழக்கம். விசர்நோய் குட்டிக்கும் வரும். தாய் யார், அதை எந்த நாய் கடித்தது என்று தெரியாத குட்டி என்றால் இன்னும் கவனம் வேண்டும். கடிபட்ட இடத்தை ஓடும் தண்ணீரில் சவர்க்காரம் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவ வேண்டும். மணிக்கூட்டைப் பார்த்துக் கழுவு. பதினைந்து நிமிடம் நீ நினைப்பதைவிட நீளம். காயத்தில் மிளகாய்த்தூள், சுண்ணாம்பு, கோப்பித்தூள் எதுவும் வைக்காதே. பிறகு ஊசி. அரசாங்க ஆஸ்பத்திரியில் அதற்குக் காசில்லை. நோயின் குணங்குறி ஒருமுறை வெளியே வந்துவிட்டால், தண்ணீரைக் கண்டு தொண்டை இழுக்கத் தொடங்கிவிட்டால், உலகத்தில் எந்த வைத்தியராலும் காப்பாற்ற முடியாது என்றே சொல்லலாம். அதற்கு முன் போட்ட ஊசி காப்பாற்றும். 1885 ஆம் ஆண்டு ஆடி 6 இல் பிரான்சில் லூயி பாஸ்டர், நாய் கடித்த ஒன்பது வயதுப் பையன் ஜோசப் மைஸ்டருக்குத் தன் மருந்தை ஏற்றச் செய்தார். அந்தப் பையன் வளர்ந்து பெரியவனாகி வாழ்ந்தான். எங்கள் நாட்டில் 1973 ஆம் ஆண்டில் மட்டும் முந்நூற்றைம்பதுக்கு மேற்பட்டோர் இந்த நோயால் செத்தார்கள். இப்போது அது ஆண்டுக்கு இருபது, முப்பது என்ற அளவுக்கு இறங்கியிருக்கிறது. மனிதருக்கும் நாய்க்கும் ஊசி போட்டுத்தான் அது இறங்கியது. மிச்சமாக நடக்கும் சாவுகளில் பல, கழுவாமலும் ஆஸ்பத்திரிக்குப் போகாமலும் விட்ட சின்னக் கீறல்களால் வந்தவை. அதனால்தான் இவ்வளவு வற்புறுத்துகிறேன்.

இனிக் குட்டியின் சங்கதி.

படத்தில் கண் நன்றாகத் திறந்திருக்கிறது. வாயைத் திறந்து பார். ஊசிபோலச் சின்னப் பற்கள் நிரையாக வந்திருந்தால் ஐந்து, ஆறு கிழமை இருக்கும். எட்டுக் கிழமை வரைக்கும் தாயோடு இருந்திருக்க வேண்டிய குட்டி. அந்தச் சூடு அதற்கு இல்லை. இரவில் ஒரு போத்தலில் இளஞ்சுடுநீர் நிரப்பித் துணியில் சுற்றிப் பெட்டிக்குள் வை. பசுப்பாலோ பால்மாவோ நிறையக் கொடுத்தால் வயிற்றால் போகும். குழைய அவித்த சோற்றோடு, உப்பும் தூளும் இல்லாமல் அவித்த சூடை மீனை முள்ளெடுத்துப் பிசைந்து ஒரு நாளைக்கு நாலு தரம் கொடு. இடைக்கிடை ஒரு முட்டை. மூன்று மாதத்துக்குப் பிறகு மூன்று தரம், ஆறு மாதத்துக்குப் பிறகு இரண்டு தரம் போதும்.

எங்கள் வீடுகளில் மிஞ்சிய கறியை நாய்க்குப் பிரட்டிப் போடுவது பரம்பரைப் பழக்கம். அதைத்தான் நான் முதலில் நிறுத்தச் சொல்வேன். உறைப்பை விடு, வெங்காயம்தான் பிரச்சினை. வெங்காயமும் உள்ளியும் நாயின் இரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். அவித்தாலும் அந்தக் குணம் போகாது. யாழ்ப்பாணத்துக் கறியில் வெங்காயம் இல்லாத கறி எது? அவித்த கோழி எலும்பும் வேண்டாம், அது சிம்பாகப் பிளந்து குடலைக் குத்தும். சொக்கிலேற்றும் முந்திரிகைப் பழமும் வேண்டாம். இன்னுமொன்று, உங்கள் ஊருக்கே உரியது: சாட்டிப் பக்கமோ வேறு கரைக்கோ கூட்டிக்கொண்டு போகும்போது, வலையிலிருந்து கழித்தெறிந்த பேத்தை மீன் மணலில் கிடக்கும். அதை முகரவும் விடாதே. அதன் நஞ்சு அவித்தாலும் சாகாது, நாயை ஒரு மணித்தியாலத்துக்குள் விழுத்திவிடும்.

தண்ணீர் எப்போதும் வேண்டும். நாய்க்கு எங்களைப்போல உடம்பெல்லாம் வேர்க்காது. நாக்கைத் தொங்கப்போட்டு மூச்சிரைத்துத்தான் சூட்டை இறக்கும். கச்சான் வீசும் மாதங்களில் கிணறு உவர்த்துப் போனால் நீங்கள் குடிப்பதற்கு வாங்கும் தண்ணீரில்தான் அதற்கும் பங்கு. உவர்த்தண்ணீரைக் கொடுத்துச் சமாளிக்கப் பார்க்காதே.

குட்டியின் வயிறு பானைபோல இருக்கிறது, நன்றாகச் சாப்பிடுகிறது என்று எழுதியிருக்கிறாய். அது பெரும்பாலும் பூச்சி. வட்டப்புழு தாயின் வயிற்றுக்குள்ளேயே குட்டிக்கு ஏறிவிடும், பாலாலும் ஏறும். உதட்டை மேலே தூக்கி முரசைப் பார். வெளிறிப்போய் இருந்தால் கொழுக்கிப்புழு இரத்தம் குடிக்கிறது என்று சந்தேகப்பட வேண்டும். கொழுக்கிப்புழுவில் ஒரு இனத்துக்கு எங்கள் தீவின் பெயரே இருக்கிறது. 1911 இல் ஆர்தர் லூஸ் என்ற அறிஞர், இலங்கையிலிருந்து வந்த ஒரு மரநாயின் குடலில் கண்டு அதற்கு 'சிலானிக்கும்' என்று பெயர் வைத்தார். அது நாயிலும் இருக்கும், மனிதரிலும் இருக்கும். நாயின் மலத்தோடு விழும் முட்டை, சூடும் ஈரமும் உள்ள மணலில் பொரிக்க, அதிலிருந்து வரும் புழு வெறுங்காலின் தோலால் உள்ளே போகும். வேலணை மணல் அதற்கு மெத்தை விரித்த மாதிரி. ஆகவே குட்டி வெளிக்குப் போனதை அன்றன்றே மண்வெட்டியால் அள்ளித் தாட்டுவிடு. முற்றத்தில் உன் தம்பி செருப்பில்லாமல் விளையாடுகிறான் என்பதை மறக்காதே. பூச்சி மருந்தை நிறை பார்த்துக் கால்நடை வைத்தியர் தருவார். இந்த வயதில் இரண்டு கிழமைக்கு ஒருக்கால், மூன்று மாதத்துக்குப் பிறகு மாதம் ஒருக்கால், ஆறு மாதம் வரைக்கும்.

உண்ணியைக் காதுக்குள்ளும் கால்விரல் இடுக்கிலும் தேடு. சின்னக் கிடுக்கியால் தோலோடு ஒட்டிப் பிடித்து நேரே இழுத்து, சவர்க்காரத் தண்ணிக்குள் போடு. நசுக்காதே. பெட்டை உண்ணி ஒன்று ஆயிரக்கணக்கில் முட்டையிடும். அதையும் நாயின் மேலே இடாது, சுவர் வெடிப்பிலும் கிடுகு வேலி அடியிலும் போய் இடும். ஆகவே நாயைக் குளிப்பாட்டினால் மட்டும் உண்ணி போகாது, படுக்கிற இடத்தையும் பார்க்க வேண்டும். சொறிக்கும் உண்ணிக்கும் கழிவு ஒயிலும் மண்ணெண்ணெயும் பூசச் சொல்லி ஆட்கள் வருவார்கள். தோல் வெந்துபோகும், நக்கினால் உள்ளுக்கும் போகும். ஆர் சொன்னாலும் மறுத்துவிடு.

ஊசிகளில் விசர்நாய்த் தடுப்பூசி தலையாயது. முதல் ஊசி எந்த வயதில் என்று கால்நடை வைத்தியரைக் கேள், பிறகு ஆண்டுதோறும். அந்த அட்டையைப் பள்ளிக்கூடச் சான்றிதழ்களோடு சேர்த்து வை. மற்றது பார்வோ. 1978 ஆம் ஆண்டளவில்தான் உலகம் அறிந்த நோய் அது. குட்டிகளைத்தான் வாரிக்கொண்டு போகும். சாப்பாட்டை வெறுக்கும், சத்தியெடுக்கும், நாற்றமான இரத்தக் கழிச்சல் போகும். அந்தக் கிருமி மண்ணில் மாதக்கணக்கில் சாகாமல் கிடக்கும். ஆறு, எட்டுக் கிழமையில் தொடங்கி மூன்று நாலு கிழமை இடைவெளியில், நாலு மாதம் தாண்டும் வரை அதற்கு ஊசி இருக்கிறது. போட்டு முடியும் மட்டும் ஊர் நாய்கள் திரியும் இடத்தில் குட்டியைக் கீழே விடாதே.

அதற்காகப் பூட்டி வைக்கவும் வேண்டாம். மூன்று, மூன்றரை மாதம் வரைக்கும் குட்டி எதைக் கண்டு பழகுகிறதோ அதற்குப் பிறகு பயப்படாது. கையில் தூக்கிக்கொண்டு படலையடியில் நின்று பஸ், சைக்கிள், மீன்காரர், தலைக்கவசம் போட்டவர், கோயில் மேளம் எல்லாவற்றையும் காட்டு. பயந்த நாய்தான் கடிக்கும். வீட்டுக்குள் சலம் பெய்தால் மூக்கைப் பிடித்துத் தேய்க்காதே, அடிக்காதே. சாப்பிட்டதும், நித்திரையால் எழும்பினதும் வெளியே கொண்டுபோய் விட்டு, பெய்தவுடன் தடவிக் கொடு. மெல்ல மெல்லப் பிடித்துக்கொள்ளும்.

இப்போது கொப்பாவின் கதை. கடுவன் குட்டி என்றால் வைத்திருக்கலாம், பெட்டை குட்டி போட்டுத் தள்ளும் என்கிறார். அவர் மட்டும் சொல்லவில்லை, ஊரே சொல்கிறது. உன் கையில் இருப்பது அந்தச் சொல்லின் விளைவுதான். எங்கேயோ ஒரு பெட்டை ஐந்தாறு குட்டி போட்டிருக்கும். கடுவன்களை ஆட்கள் கேட்டு வாங்கியிருப்பார்கள். பெட்டைகளைப் பெட்டியில் போட்டுச் சந்தையடியிலோ வைரவர் கோயிலடியிலோ வைத்துவிட்டுத் திரும்பிப் பாராமல் போவார்கள். நாயை வாகனமாகக் கொண்ட சாமியின் வாசலில் விட்டால் பாவமில்லை என்று நினைக்கிறார்கள். அதில் தப்பும் ஒன்றிரண்டு வளர்ந்து, ஊசி இல்லாமல் தெருவில் குட்டி போடும். விசர்நோய் அந்த வழியால்தான் திரும்பித் திரும்பி வருகிறது.

இதற்கு வழி மிகச் சுலபம். பெட்டை நாய் ஆறு மாதத்துக்கும் ஒரு வயதுக்கும் இடையில் முதல் தடவை பருவத்துக்கு வரும், பிறகு ஆண்டுக்கு இரண்டு தரம். சினைக்காலம் அறுபத்துமூன்று நாள். முதல் பருவத்துக்கு முன் கருத்தடைச் சத்திரசிகிச்சை செய்வித்துவிட்டால் கொப்பாவின் பயம் அன்றோடு முடிந்தது. ஒரு ஈற்றாவது போட வேண்டும், இல்லாவிட்டால் நோய் வரும் என்பார்கள். உண்மை அதற்கு நேர் எதிர்: முந்திச் செய்தால் முலைக்கட்டியும் குறையும், கருப்பையில் சீழ் பிடிக்கும் நோயும் வராது. பத்து, பதினாலு நாள் தையலை நக்காமல் பார்த்துக்கொண்டால் போதும். காசு எவ்வளவென்று வைத்தியரிடம் கேட்டு எழுது, பாதி நான் தருகிறேன். கொப்பாவிடம் இன்னுமொன்றும் சொல்லு: கருத்தடை செய்த பெட்டை நாய் பெரும்பாலும் வளவை விட்டு அலையாது, வாசலில்தான் கிடக்கும்.

சங்கிலி வாங்கவா என்று கேட்டிருந்தாய். அதற்குப் பதில் எழுத எனக்குக் கொஞ்சம் கஷ்டமாக இருக்கிறது. 1990 ஆவணியில் நாங்கள் வேலணையை விட்டு வெளிக்கிட்டபோது எங்களிடம் வீமன் இருந்தான். பகல் முழுக்கக் கிணற்றடிப் பூவரசில் கட்டிக் கிடப்பான், இரவில்தான் அவிழ்ப்போம். ஷெல் விழத் தொடங்கியதும் இரண்டு பையோடு ஓடினோம். பாதி வழியில் உன் அம்மப்பா நினைத்துக்கொண்டு திரும்பி ஓடினார். கழுத்துப்பட்டியின் பூட்டுக் கறல் பிடித்து இறுகியிருந்ததாம், கத்தியால் வாரை அறுத்துவிட்டு வந்தார். வீமன் பின்னால் கரை வரைக்கும் வந்தான். வள்ளத்தில் சனத்துக்கே இடமில்லை. நெஞ்சளவு தண்ணிக்குள் இறங்கி நின்றான், குரைக்கவில்லை. ஆண்டுகள் கழித்து நாங்கள் வளவைப் பார்க்கப் போனபோது பூவரசு பருத்து, மிச்சச் சங்கிலியைப் பட்டைக்குள் விழுங்கி வளர்ந்திருந்தது. இரண்டு கண்ணி மட்டும் வெளியே தெரிந்தது.

அம்மப்பா மட்டும் திரும்பி ஓடாமல் விட்டிருந்தால் என்று இப்போதும் சில இரவுகளில் நினைப்பேன். ஆகவே சங்கிலி வாங்காதே. வளவின் வேலியைத் திருத்து, கீழ்ப்பக்கத்து ஓட்டைகளை அடை. வெளியே கூட்டிப் போகும்போது மட்டும் கயிறு. கழுத்துப்பட்டிக்குள் இரண்டு விரல் நுழைய வேண்டும். குட்டி வளர வளரக் கிழமைக்கு ஒருக்கால் பார்த்துத் தளர்த்து.

உனக்கு இப்போது பதினாறு வயது. இந்தக் குட்டி பத்துப் பன்னிரண்டு வருஷம் இருக்கும். நீ கம்பசுக்குப் போவாய், வேலைக்குப் போவாய், ஒருவேளை பிளேனும் ஏறுவாய். வெளிநாட்டுக்குப் போகிறவர்கள் நாயை வீதியில் விட்டுவிட்டுப் போவதை இங்கே கொக்குவிலிலும் காண்கிறேன். இயக்கச்சியில் சிவபூமி அறக்கட்டளையின் நாய்கள் சரணாலயம் இருக்கிறது. ஆதரவற்றதுகளுக்கு அது பெரிய புண்ணியம். வீடு உள்ள நாய்க்கு அது இடமில்லை. நீ இல்லாத காலத்தில் ஆர் பார்ப்பது என்று தம்பியைக் கூப்பிட்டு இப்போதே பேசு. சோறு வைக்கும் வேலையில் ஒரு நேரத்தை அவனிடமே கொடு, அவனோடும் ஒட்டட்டும்.

வாற சனிக்கிழமை காலமை பஸ்ஸில் வருகிறேன். அதற்குள் கால்நடை வைத்தியர் அலுவலகம் எந்தெந்த நாள் திறந்திருக்கும் என்று விசாரித்து வை. பிரதேச சபையில் பதிவதையும் அன்றைக்கே கேட்டுவிடலாம். என் பழைய மண்சட்டி ஒன்று கொண்டு வருகிறேன், தண்ணி அதில் குளிராக நிற்கும். சட்டியைப் பூவரசுக்குக் கிழக்கே வை, பின்னேர வெயில் அங்கே விழாது.

பேர் வைத்துவிட்டாயா? நான் வந்து கூப்பிட வேண்டும், எழுது.

அன்புடன்,
பெரியம்மா